கோடைத் தொடக்கத்தில் ஏரிக்கரையில் பறவை நோக்கல்: விடியலின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ச் பிறந்ததும் பலர் பைனாகுலரை உறையில் போட்டுப் பரணில் வைத்துவிடுகிறார்கள். வலசை வந்த வாத்துகள் கிளம்பிவிட்டன, இனி அடுத்த ஐப்பசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. இந்தக் கணக்கு பாதிதான் சரி. மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை தமிழ்நாட்டு ஏரிகளில் நீர் சுருங்கும். மழைக்காலத்தில் அரை மைல் பரப்பில் சிதறிக் கிடந்த மீனும் நத்தையும் ஒரு மூலைக் குட்டைக்குள் அடைபடும், பறவைகளும் அங்கேயே வந்து குவியும். ஊர் திரும்பாத உள்ளான்களும் (சேற்றில் இரை தேடும் சிறு பறவைகள்) ஆலாக்களும் (நீர்மேல் பறந்து இரை பிடிப்பவை) இனப்பெருக்கக் கால நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும். இங்கேயே வாழும் பறவைகள் ஜோடி சேர்ந்து கூடு வைக்கும்.

இதற்கு ஈடாகக் கோடை பிடுங்கிக்கொள்வது நேரத்தை. டிசம்பரில் பத்து மணி வரை நிதானமாகப் பார்க்கலாம். ஏப்ரலில் எட்டரைக்கு மேல் தரையிலிருந்து கானல் எழுந்து, நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவையின் கால் நிறம்கூடத் தெரியாமல் நெளியும். கையில் இருப்பது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தை வீணாக்காமல் இருக்கத்தான்.

எந்த ஏரி, எந்தக் கரை

முழுக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நீர் உள்ள ஏரியே இந்தப் பருவத்துக்கு ஏற்றது. தளும்பி நிற்கும் ஏரியில் முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீர்க்காகமும் இருக்கும், கரையோரச் சேறு இருக்காது. சேறு இல்லாவிட்டால் உள்ளான், உப்புக்கொத்தி எதுவும் இல்லை. கூழைக்கடாவுக்குத் திறந்த நீர் வேண்டும். நாரைக்கும் கொக்குக்கும் கால் நனையும் ஆழம் போதும். உள்ளானுக்கு ஈரச் சேறு, இலைக்கோழிக்கு அல்லியும் தாமரையும் படர்ந்த இடம். இவை நான்கும் ஒரே ஏரியில் அமைந்துவிட்டால் வேறு எங்கும் அலைய வேண்டாம்.

கைபேசி வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தை நம்பி நீர்மட்டத்தை முடிவு செய்யாதீர்கள். அந்தப் படம் எந்த மாதம், எந்த வருடம் எடுத்தது என்று தெரியாது. படத்தில் கடல்போல் தெரியும் கண்மாயில் நேரில் போனால் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். முந்தின நாள் மாலை ஒரு நடை போய்ப் பார்த்து வருவது நல்லது. முடியாவிட்டால் கரையோர டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வரைபடம் வேறொன்றுக்கு உதவும்: கரை எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்க. தமிழ்நாட்டுச் சமவெளி பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. ஏரிக்கு அணை கட்டியது பள்ளப் பக்கத்தில். ஆகவே பெரும்பாலான ஏரிகளில் மதகும் கரையும் கிழக்கே இருக்கும், வரத்துக்கால் நுழையும் உள்வாய் மேற்கே இருக்கும். காலையில் கிழக்குக் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால், ஏரி முழுக்க முன்னால். ஏரி வெட்டியவர்கள் பறவை நோக்கர்களை நினைத்து வெட்டவில்லை என்றாலும் அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். கரை மேற்கில் அமைந்த ஏரியும் உண்டு. அங்கே காலையில் கரைமேல் ஏறினால் கண் கூசும், எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத் தெரியும். அப்படிப்பட்ட ஏரியைச் சுற்றிக் கிழக்கு ஓரத்துக்குப் போக வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஏரியை மாலைக்கு ஒதுக்குங்கள்.

பெரிய பெயர் உள்ள சரணாலயத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. திருநெல்வேலி பக்கம் இருப்பவர்களுக்குக் கூந்தன்குளம் இருக்கிறது. நீர் இருக்கும் ஆண்டுகளில் கோடையிலும் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே குஞ்சு வளர்ப்பதைப் பார்க்கலாம். திருப்பூருக்கு நஞ்சராயன் குளம் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024-இல் சேர்ந்தது), கோவைக்குச் சிங்காநல்லூர் குளமும் சூலூர் குளமும், சென்னையின் தென்புறத்துக்குப் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும், மதுரைக்குச் சாமநத்தம் கண்மாய். ஆனாலும் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் போகக்கூடிய, பெயரே இல்லாத ஊர்க் குளத்துக்கு வாரம் ஒருமுறை போய் வருபவருக்குக் கிடைக்கும் அனுபவம், ஆண்டுக்கு ஒருமுறை வேடந்தாங்கல் போகிறவருக்குக் கிடைக்காது.

எத்தனை மணிக்கு

ஏப்ரல் நடுவில் சென்னையில் சூரிய உதயம் 5.57 வாக்கில், கோவையில் 6.12 வாக்கில். மே நடுவில் இரண்டும் கால் மணி நேரம் முன்னதாக வரும். உதயத்துக்கு 25 நிமிடம் முன்பே கரையில் நிற்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை இதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ‘ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடலாம்’ என்று குழுவில் யாராவது சொன்னால், அன்றைய நாளில் பாதி போய்விட்டது என்று பொருள்.

கையில் என்ன

பைனாகுலர் என்றால் 8×42. எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால் மில்லிமீட்டர். அந்த அகல ஒளிக்கற்றைதான் கண்ணுக்கு வந்து சேரும். 10×42 வாங்கினால் அது 4.2 ஆகக் குறையும், விடியல் இருட்டில் வித்தியாசம் தெரியும். கை நடுக்கமும் பத்து மடங்காகும். சந்தையில் கிடைக்கும் ‘20 மடங்கு’, ‘50 மடங்கு’ சிறிய பைனாகுலர்களைத் தொடவே வேண்டாம்.

புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் அதைச் சரி செய்யாமலேயே பார்க்கிறார்கள். தலைவலி வருகிறது, பைனாகுலர் சரியில்லை என்கிறார்கள். ஒருமுறை இப்படிச் செய்துவிடுங்கள்:

1. மூக்குக்கண்ணாடி அணிபவர் கண்குழிவை (கண் வைக்கும் பக்கத்து வளைய விளிம்பு) உள்ளே திருகி இறக்கிவிடுங்கள். அணியாதவர் முழுக்க வெளியே இழுத்துவிடுங்கள்.
2. இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்வரை சரிசெய்யுங்கள்.
3. இருபது, முப்பது மீட்டர் தொலைவில் எழுத்துள்ள ஒரு பலகையைப் பாருங்கள். வலது முன் கண்ணாடியை உள்ளங்கையால் மூடி, நடுச் சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்கு எழுத்தைக் கூர்மையாக்குங்கள்.
4. இப்போது இடது பக்கத்தை மூடுங்கள். நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்குழிவுக்குக் கீழே உள்ள வளையத்தை மட்டும் திருகி வலக்கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். சில மாடல்களில் இந்த வளையம் நடுச் சக்கரத்தோடு சேர்ந்திருக்கும்.
5. வளையம் நிற்கும் இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இனி எந்தப் பறவைக்கும் நடுச் சக்கரம் மட்டும்தான்.

பறவையைக் கண்ணால் பார்த்த பிறகு, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துவிடும். வீட்டு மாடியில் காகங்களை வைத்துப் பழகலாம்.

பெரிய ஏரிக்கு முக்காலியோடு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக் குழல் தொலைநோக்கி) நல்லது, ஆனால் கோடையில் 30 மடங்குக்கு மேல் திருகினால் கானலைத்தான் பெரிதாகப் பார்ப்பீர்கள். கேமரா உங்கள் விருப்பம். ஒன்று மட்டும்: முதல் அரை மணி நேரம் கேமராவைப் பையிலேயே வையுங்கள். அந்த வெளிச்சத்தில் படம் விழாது, கண்ணுக்கும் காதுக்கும்தான் அப்போது வேலை.

மங்கலான பச்சை, காக்கி, பழுப்பு உடை. வெள்ளைச் சட்டை வேண்டாம். கணுக்கால் மூடிய காலணி கட்டாயம்: கரையோரம் சீமைக் கருவேல முள், கற்களுக்கிடையே கண்ணாடி விரியன். இருட்டில் கரை ஏற டார்ச். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, சின்ன நோட்டு, பென்சில். பேனா மை வியர்வையில் கரைந்துவிடும்.

நேரத்தின் வரிசை

உதயத்துக்கு முந்தைய இருட்டில் கண்ணைவிடக் காது பெரிது. ஆட்காட்டி முதலில் உங்களைக் கண்டுகொள்ளும், ஊரையே எழுப்பும். அது அடங்கும்வரை அசையாமல் நில்லுங்கள். சம்பங்கோரைக்குள் கானாங்கோழியும் நீலத்தாழைக்கோழியும் கத்தும். வானத்தில் ‘வக்’ என்ற ஒற்றைக் குரல் போனால் அது வக்கா: இரவு முழுக்க இரை தேடிவிட்டுப் பகலுக்கு மரத்துக்குத் திரும்புகிறது. வயல்களில் மேய்ந்துவிட்டு வரும் சீழ்க்கைச் சிறகிகளும் இந்த நேரத்தில்தான் சீழ்க்கையடித்துக்கொண்டு வந்து இறங்கும். ஆறரை மணிக்கு வருபவர் இந்த இரண்டையும் தவற விடுவார்.

எதிர்த்திசையில் ஒரு கூட்டம் புறப்படும். கருவேல மரங்களில் இரவு தங்கிய கொக்குகளும் நீர்க்காகங்களும் உதயத்தை ஒட்டி அலை அலையாகக் கிளம்பும். எண்ணிக்கை எடுப்பதானால் அடைமரம் தெரியும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள்.

உதயத்துக்குப் பின் ஒன்றரை மணி நேரம் பொன்னானது. ஒளி தாழ்வாக, பக்கவாட்டில் விழும்போது உள்ளான்களின் முதுகு வரிகள்கூடத் தெரியும். இந்த நேரத்தைச் சேற்று ஓரத்துக்கு ஒதுக்குங்கள். நாரையும் கூழைக்கடாவும் பெரியவை, எட்டரைக்கும் அடையாளம் தெரியும். கொசு உள்ளானை அப்போது தேடிப் பயனில்லை.

எட்டரைக்கு மேல் தரை சூடேறி வெப்பக் காற்று எழும். கீழே பார்ப்பதை நிறுத்திவிட்டு மேலே பாருங்கள். செம்பருந்து, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா ஆகியவை இறக்கை அடிக்காமல் வட்டமிட்டு ஏறும். ஒன்பதரைக்குக் கிளம்பிவிடுங்கள்.

நெருங்கும் முறை

கரையின் உச்சியில் நடக்காதீர்கள். வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் முழு ஏரிக்கும் தெரியும். வெளிச்சரிவில் சற்றுக் கீழே நடந்து, ஐம்பது அறுபது அடிக்கு ஒருமுறை தலையை மட்டும் உயர்த்திப் பாருங்கள். பறவைக்கு நேராக நடக்காமல் சாய்வாக, வளைந்து நடங்கள். மேய்ந்துகொண்டிருந்தது தலையை நிமிர்த்தினால் நில்லுங்கள். தலையை ஆட்டினால், இரண்டடி நகர்ந்தால், எச்சமிட்டால் பறக்கப்போகிறது. இரண்டு எட்டு பின்வாங்குங்கள்.

வற்றிய உள்வாய்க்குள் இறங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருக்கும் வண்டல், உள்ளே குழைசேறாக இருக்கும். முழங்கால் வரை இறங்கிவிட்டால் செருப்பு திரும்பி வராது. தடியால் குத்திப் பாருங்கள், ஆட்டு மாட்டுத் தடம் போகும் வழியிலேயே போங்கள். வண்டல் அள்ளிய குழிகள் நீருக்கடியில் மறைந்திருக்கும் ஏரியில் தண்ணீருக்குள் கால் வைக்கவே கூடாது.

எது எது என்று பிரித்தறிவது

தெரியாத பறவையைப் பார்த்ததும் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். பறவை இருக்கும், புத்தகம் எங்கும் போகாது. அளவு (சிட்டுக்குருவியா, மைனாவா, காகமா, பருந்தா), அலகின் நீளமும் நிறமும், கால் நிறம், என்ன செய்கிறது என்ற நான்கையும் முதலில் எழுதுங்கள்.

வெள்ளைக் கொக்குகளில்தான் குழப்பம் அதிகம். உண்ணிக்கொக்கு கோடையில் தானே காட்டிக்கொடுத்துவிடும். தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகியிருக்கும். சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம். இந்தப் பருவத்தில் பின்தலையில் இரண்டு நீண்ட தூவி தொங்கும். நடுத்தரக் கொக்கையும் பெரிய கொக்கையும் அலகு நிறத்தை வைத்துப் பிரிக்க முயன்றால் தோற்பீர்கள், கோடையில் இரண்டுக்கும் அலகு கறுக்கலாம். வாய்க்கோட்டை, அதாவது அலகு பிளவுபடும் கோடு முகத்தில் எங்கே முடிகிறது என்று பாருங்கள்: கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு.

மடையானைப் பலர் கோடையில் புதுப் பறவை என்று நினைத்துவிடுகிறார்கள். குளிர்காலத்துக் கோடு போட்ட மண் நிறம் போய், முதுகு அடர்ந்த செம்பழுப்பாகவும் தலையும் கழுத்தும் வெளிர் மஞ்சளாகவும் மாறியிருக்கும். சந்தேகம் வந்தால் அது பறக்கும்வரை காத்திருங்கள், இறக்கை பளீரென்று வெள்ளையாக விரியும்.

நீர்க்காகங்கள் மூன்று. சிறு நீர்க்காகத்துக்குக் குட்டை அலகு, காகத்தைவிடச் சற்றே பெரிது. கொண்டை நீர்க்காகத்துக்கு மெலிந்து நீண்ட, முனை வளைந்த அலகும் நீலப் பச்சைக் கண்ணும். பெரிய நீர்க்காகம் வாத்தைவிடப் பெரிது, தொண்டையில் மஞ்சள். கழுத்து மட்டும் நீருக்கு மேலே பாம்புபோல நெளிந்தால் பாம்புத்தாரா.

ஆலாக்களில், மஞ்சள் அலகும் கறுப்புத் தொப்பியுமாக இருப்பது ஆற்று ஆலா. ஏப்ரலில் வயிறு கருஞ்சாம்பலாக மாறி, கன்னத்தில் வெள்ளைப் பட்டையோடு பறப்பது மீசை ஆலா, ஊருக்குக் கிளம்பத் தயாராகிவிட்டது. சேற்றில் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. ஓயாமல் பின்புறத்தை ஆட்டிக்கொண்டு நடப்பது, தோளுக்கு முன்னால் வெள்ளைக் கீற்று உள்ளது, சாதாரண உள்ளான். சிட்டுக்குருவி அளவு, கறுப்புக் கால், தையல் இயந்திர ஊசிபோல அலகைக் குத்திக்கொண்டே ஓடுவது கொசு உள்ளான்.

இலைக்கோழியிடம் கொஞ்சம் நின்று பாருங்கள். நீளவால் இலைக்கோழி மழைக்காலத்தை நெருங்க நெருங்க நீண்ட வளைந்த வாலும் பொன்னிறப் பிடரியுமாக மாறும். முட்டை இடுவதோடு பெட்டையின் வேலை முடிந்தது, அடை காப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவல். ஆபத்து என்றால் குஞ்சுகள் அசையாமல் பதுங்கிக் கிடக்கும்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி உதவியாக இருக்கும், ஆனால் அது சொல்வதை அப்படியே பட்டியலில் ஏற்றக்கூடாது. தூரத்து மைனாவும் கரிச்சானும் வேறு பறவைபோல மிமிக்ரி செய்தால் செயலியும் ஏமாறும். கண்ணால் பார்த்தோ, நன்கு தெரிந்த குரலாக இருந்தோதான் எழுத வேண்டும்.

எண்ணுவது

கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முயல்பவர் முப்பதில் வழி தவறுவார். முதலில் பத்தை எண்ணி, அது கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பதித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த அளவை வைத்துக் கூட்டம் முழுக்கப் பத்துப் பத்தாக நகருங்கள். பெரிய கூட்டமென்றால் ஐம்பதாக. புதியவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவார்கள்.

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இபேர்டு செயலியில் பட்டியல் போடும்போது, பார்த்ததும் கேட்டதுமான எல்லா இனங்களையும் சேர்த்திருந்தால் மட்டும் ‘முழுப் பட்டியல்’ என்று குறியுங்கள். காகத்தையும் புறாவையும் விட்டுவிட்டு முழுப் பட்டியல் என்று போடுவது பொய்க் கணக்கு. எண்ண முடியாத இடத்தில் ‘எக்ஸ்’ போடுவதைவிட மதிப்பீடாக ஓர் எண் போடுவது மேல். ஒரே பட்டியலில் ஏரி முழுக்கச் சுற்றாமல், ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பிரித்தால் பிறகு ஒப்பிட வசதி. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை உலகெங்கும் ஒரே நாளில் பறவைப் பட்டியல் போடும் ‘குளோபல் பிக் டே’ நடக்கும். உங்கள் குளத்துப் பட்டியலையும் அன்று சேர்த்துவிடுங்கள்.

கூட்டருகில்

கோடையில் செய்யக்கூடிய பெரிய தீங்கு, கூட்டருகில் நிற்பது. ஆட்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கிடையே முட்டை வைக்கும். வழக்கமாக நான்கு. தாய் எழுந்துவிட்டால் ஏப்ரல் வெயிலில் முட்டை வெந்துபோகச் சில நிமிடம் போதும். ஆட்காட்டி நீருக்குள் இறங்கி வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு, இரை தேடாமல் நேராகக் காய்ந்த தரைக்குத் திரும்புவதைப் பார்த்தால், அங்கே கூடு இருக்கிறது. ஈர வயிற்றால் முட்டையைக் குளிர்விக்கப் போகிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள், படம் எடுக்கவும் போகாதீர்கள். உங்களை வட்டமிட்டுக் கத்தினாலும், இறக்கை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு நடித்தாலும் நீங்கள் ஏற்கெனவே கிட்டத்தில் வந்துவிட்டீர்கள். வந்த வழியே திரும்புங்கள், மேலும் போனால் நாயும் காகமும் உங்களைப் பின்தொடர்ந்து கூட்டைக் கண்டுபிடித்துவிடும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இந்த மாதங்களில் கூடாது. முட்டையையோ கூட்டையோ எடுப்பது 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூட்டின் சரியான இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

போயும் பறவை இல்லை என்றால்

ஒரே வாரத்தில் ஏரி வெறிச்சோடிப் போகக் காரணங்கள் சில உண்டு. குத்தகைக்காரர் வலை போட்டு மீன் பிடிக்கிறார் என்றால் இரண்டு மூன்று நாள் கழித்து வாருங்கள், சேற்றில் மிச்சமான மீனைத் தின்னக் கூட்டம் இரட்டிப்பாக வரும். வண்டல் அள்ளும் லாரிகள் ஓடினால் ஞாயிற்றுக்கிழமை காலை முயலுங்கள். ஆகாயத்தாமரை முழுக்க மூடிவிட்டால் நீர் தெரியும் மதகுப் பக்கத்தையும், மிதக்கும் இலைகளின் ஓரத்தையும் மட்டும் பாருங்கள், மடையானும் தாழைக்கோழியும் அங்கே இருக்கும்.

மே கடைசியில் ஏரி முழுக்க வற்றிவிட்டால், கழிவுநீர் கலக்கும் நகரக் குளங்களைத் தேடிப் போங்கள். வெட்கக்கேடுதான், ஆனாலும் மற்ற ஏரிகள் பாளமாய்க் கிடக்கும்போது அவற்றில்தான் நீர் இருக்கும், சுற்று வட்டாரக் கொக்கும் நத்தை குத்தி நாரையும் அங்கேதான் ஒதுங்கும். அங்கே நீரைத் தொடாமல் கரையிலேயே நில்லுங்கள், வீடு திரும்பியதும் காலணியைக் கழுவிவிடுங்கள்.